தாளிப்பு வாசம் யாருக்கு?

கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலையில் உலை வைத்தால் தண்ணீர் 97, 98 டிகிரி செல்சியசிலேயே கொதித்துவிடும். கீழே கள்ளக்குறிச்சியில் கிட்டத்தட்ட 100 டிகிரி ஆகவேண்டும். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து மலைப்பாதையில் ஏற ஏற, ஒவ்வொரு 300 மீட்டருக்கும் கொதிநிலை ஏறக்குறைய ஒரு டிகிரி இறங்குகிறது. கல்வராயன் மலையின் பெரும்பகுதி 600 முதல் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் குறைவு. தண்ணீரை மேலிருந்து அமுக்கும் விசை குறைவதால், நீர் மூலக்கூறுகள் சீக்கிரமே ஆவியாகக் கிளம்பிவிடுகின்றன. எவ்வளவு விறகைத் தள்ளினாலும், கேஸை எவ்வளவு கூட்டினாலும், திறந்த பாத்திரத்தில் தண்ணீரின் சூடு அதற்குமேல் ஏறாது. கள்ளக்குறிச்சியில் வாங்கிய அதே துவரம்பருப்பு மலையில் வேக நேரமெடுப்பது இதனால்தான். குக்கரில் வைத்தால் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. மூடியின்மேல் இருக்கும் வெயிட், வெளிக்காற்றின் அழுத்தத்தோடு தன் பங்கையும் சேர்த்து உள்ளே 120 டிகிரியை ஒட்டிய சூட்டை உண்டாக்கிவிடுகிறது.

இப்படி அடுப்படியில் நடக்கும் இயற்பியலையும் வேதியியலையும் எழுத எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. கட்டிய மனைவிக்கோ கணவனுக்கோ வீட்டிலேயே ஒரு நல்ல இரவு உணவைச் சமைத்து, இருவரும் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட வேண்டும் என்று ஆசைப்படுகிற இளையவர்கள் இன்று சின்ன ஊர்களிலும் இருக்கிறார்கள். கூட்டுக் குடும்பத்தை விட்டு வந்து, கள்ளக்குறிச்சியிலோ சின்னசேலத்திலோ ஒரு போர்ஷனில் வாடகைக்குக் குடியிருப்பவர்கள். கள்ளக்குறிச்சி மாவட்டத் தலைநகரானாலும் இங்கே இருவர் தனியாக உட்கார்ந்து பேசிச் சாப்பிட ஓட்டலின் ஏ.சி. ஃபேமிலி ரூமை விட்டால் வேறு இடம் கிடையாது. அங்கும் பக்கத்து மேசையில் யாராவது தெரிந்தவர் இருப்பார். அதனால் வீட்டில் சமைப்பதை இரண்டாம்பட்ச ஏற்பாடு என்று நினைக்கிறார்கள். அறிவியல் அப்படிச் சொல்லவில்லை. ஓட்டல் எவ்வளவு செலவழித்தாலும் தர முடியாத ஒன்று வீட்டு அடுப்பில் இருக்கிறது. அது வாசனை, குறிப்பாக முதல் வாசனை.

தமிழில் இருவருக்கான சமையல் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய காட்சிகளில் ஒன்று குறுந்தொகையின் 167ஆம் பாட்டு. எழுதியவர் கூடலூர் கிழார். புதிதாகக் குடித்தனம் போன பெண்ணின் வீட்டைப் பார்த்துவிட்டு வந்த செவிலித்தாய், பெற்ற தாயிடம் சொல்கிறாள். அந்தப் பெண் தன் கையாலேயே தயிரைப் பிசைந்திருக்கிறாள். ஈரக் கையை உடையில் துடைத்துக்கொண்டு, அதை மாற்றக்கூட நேரமில்லாமல் அடுப்பைப் பார்க்கிறாள். தாளித்த புகை கண்ணைச் சூழ்கிறது. அவள் கிண்டிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் நன்றாயிருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட, அவள் முகத்தில் வெளியே தெரிந்தும் தெரியாமலும் ஒரு மகிழ்ச்சி. ஆறே அடிகள். தயிரும் புளிப்பும் தாளிப்பும் சேர்வதால், இன்றைய மோர்க்குழம்பின் மூதாதை என்று அதைப் பலரும் சொல்வார்கள்.

இந்தப் பாட்டில் அறிவியலுக்கு உரிய இடம் அந்தப் புகை. குழம்பின் வாசனைக்கெல்லாம் மூலமான புகை அவள் கண்ணில்தான் பட்டது, மூக்கிலும் அவளுக்குத்தான் முதலில் ஏறியது. கொஞ்ச நேரத்தில் அவளுக்கு அது தெரியாமலே போயிருக்கும்.

சமைத்துக்கொண்டே இருப்பவருக்குத் தன் சமையலின் மணம் தெரியாது. மூக்கின் உச்சியில், புருவங்களுக்கு நடுவே உள்ளே, ஒரு தபால்தலை அளவுக்கு நுகர்ச்சித் திசு இருக்கிறது. அதிலுள்ள நரம்பணுக்களின் நுனியில் வாசனை மூலக்கூறுகளைப் பிடிக்கும் ஏற்பிகள் இருக்கின்றன. மூலக்கூறு ஒன்று வந்து ஒட்டியதும் நரம்பணுவின் வாயில்கள் திறந்து கால்சியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன, மூளைக்குச் செய்தி போகிறது. அதே கால்சியம்தான் அடுத்த கணமே அந்த வாயில்களை மந்தமாக்கவும் செய்கிறது. ஒரே வாசனை தொடர்ந்து வந்தால் நரம்பணு பதில் சொல்வதைக் குறைத்துக்கொள்கிறது, மூளையும் அதை ஒதுக்கிவிடுகிறது. புது வாசனை வந்தால் கவனிக்க இடம் வேண்டுமே, அதற்காக உடல் வைத்திருக்கும் ஏற்பாடு இது. வெளியிலிருந்து வீட்டுக்குள் நுழைகிறவர் வாசற்படியிலேயே “என்ன, மோர்க்குழம்பா?” என்று கேட்கிறார். ஒரு மணி நேரமாக அடுப்படியில் நின்றவருக்கு அப்படி எந்த மணமும் தெரியாது. சமைத்தவர் பசியில்லாமல் உட்காருவதற்கும் இதில் ஒரு பங்கு உண்டு.

இதை நம் வீடுகளில் பொருத்திப் பார்த்தால் மனம் சங்கடப்படுகிறது. 2019இல் ஒன்றிய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு அதில் செலவிட்ட நேரம் சராசரியாக 299 நிமிடம். ஆண்களில் 26 சதவீதம் பேர்தான் அப்படி வேலை செய்வதாகவே சொன்னார்கள், அவர்கள் செலவிட்டது 97 நிமிடம். வீடு முழுக்க மணக்கும் குழம்பை வருடக்கணக்காக வைத்துக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு, அந்த மணம் வாசலில் வந்து எதிர்கொள்ளும் அனுபவமே கிடைப்பதில்லை. ஆகவே என் யோசனை நேரானது. அந்த இரவு உணவைக் கணவன் சமைக்கட்டும். அவள் வேலையிலிருந்து வரட்டும், அல்லது கொஞ்ச நேரம் வெளியே போய்விட்டு வரட்டும். கூடலூர் கிழாரின் காட்சியைத் திருப்பிப் போட்டால் போதும், புகை அவன் கண்ணுக்கு, வாசனை அவளுக்கு.

வாசனைக்கு இத்தனை இடம் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. நாக்கு சொல்வது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி எனும் சாற்றுச்சுவை ஆகியவற்றை மட்டும்தான். கறிவேப்பிலைக்கும் கொத்தமல்லிக்கும் வித்தியாசம் சொல்வது மூக்கு. வாயில் மெல்லும்போது உணவின் ஆவி தொண்டையின் பின்பக்கமாக ஏறி மூக்குக்குப் போகிறது. அதைத்தான் நாம் ருசி என்கிறோம். சளி பிடித்த அன்று சாப்பாடு சப்பென்று இருப்பது இந்தப் பின்வழி அடைபட்டதால். வாசனை ஏற்பிகளின் மரபணுக் குடும்பத்தை லிண்டா பக்கும் ரிச்சர்ட் ஆக்சலும் 1991இல் கண்டுபிடித்தார்கள். 2004இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. மனிதரிடம் வேலை செய்யும் ஏற்பி வகைகள் சுமார் 400. மற்றப் புலன்களின் செய்தி மூளையில் தலாமஸ் என்னும் இடைநிலையத்துக்கு வந்துதான் மேலே போகும். வாசனை அங்கே நிற்காமல் உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளுக்கு நேராகப் போய்விடுகிறது. ஒரு மணம் பல வருடம் கழித்தும் ஒரு முகத்தையும் ஒரு வீட்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வருவது அதனால்தான். கல்யாணமான புதிதில் சாப்பிட்ட ஒரு சாப்பாட்டை ஐம்பது வயதில் ஒருவர் வர்ணிக்கும்போது, அவர் மிகைப்படுத்துகிறார் என்று நான் நினைப்பதில்லை.

சமையலுக்கு வருவோம். மலையில் விளைவதை வைத்தே அந்த இரவைச் சமைத்துவிடலாம். சாமைச் சோறு, மோர்க்குழம்பு, மிளகு போட்ட நாட்டுக்கோழி, ஜவ்வரிசி வடகம். கடைசியில் தேனும் தினைமாவும்.

சாமை கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடி மக்களின் பழைய சோறு. இந்தியாவிலேயே மனிதர் பழக்கி வளர்த்த தானியங்களில் ஒன்று. மானாவாரியில், மெல்லிய மண்ணில் விளைந்துவிடும். ஐ.நா. 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு நகரத்துக் கடைகளில் அழகான பாக்கெட்டில் வருகிறது. பாக்கெட் வாங்குவதில் தவறில்லை, ஆனால் தேதியைப் பாருங்கள். சாமையின் தவிட்டிலும் முளையிலும் கொழுப்பு இருக்கிறது. உமி நீக்கியவுடன் அந்தக் கொழுப்பு காற்றைச் சந்திக்கிறது. தானியத்தில் இருக்கும் லைபேஸ் நொதி அதை உடைக்க, ஆக்சிஜன் மீதியைச் செய்ய, சில வாரங்களில் சிக்கு வாடை வந்துவிடும். ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்தால் தெரிந்துவிடும். நல்ல சாமையில் லேசான புல் மணம் இருக்கும்.

இரண்டு பேருக்கு ஒரு டம்ளர் சாமை போதும். தண்ணீர் அளவில்தான் பலர் தடுமாறுகிறார்கள். பத்துப் பேருக்கு அம்மா வைக்கும் கணக்கை ஐந்தால் வகுத்தால் சரியாக வராது. தானியம் குடிக்கும் நீர் தானியத்தின் அளவைப் பொறுத்தது. அதை வகுக்கலாம். ஆவியாகிப் போகும் நீரோ பாத்திரத்தின் வாயகலத்தையும் நேரத்தையும் பொறுத்தது, அதை வகுக்க முடியாது. பெரிய பாத்திரத்தில் கொஞ்சம் சாமை வைத்தால் ஆவியாவதன் பங்கு கூடி அடிப்பிடிக்கும். இரண்டு பேருக்கென்று ஒரு சின்னப் பாத்திரமும் அதற்கு இறுக்கமான மூடியும் இருந்தால் ஒரு டம்ளருக்கு இரண்டே கால் டம்ளர் தண்ணீர் பொருந்தி வரும். மாவுச்சத்து மணிகள் 65 டிகிரிக்கு மேல் நீரை உறிஞ்சி வீங்கத் தொடங்குகின்றன. இதற்கு மலையின் 97 டிகிரி தாராளம். தண்ணீர் வற்றியதும் அடுப்பை அணைத்துவிட்டு, மூடியைத் திறக்காமல் பத்து நிமிடம் விட வேண்டும். மேலே ஈரம் குறைவாகவும் அடியில் கூடுதலாகவும் இருக்கும் சோறு அந்தப் பத்து நிமிடத்தில் தன் ஈரத்தைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளும். அதற்குள் கரண்டி விட்டால் குழைந்துவிடும்.

கோழியில் ஒரே ஒரு விஷயம்தான் முக்கியம், அதன் வயது. ஓடித் திரிந்து வளர்ந்த நாட்டுக்கோழியின் தசைகளை இணைக்கும் கொலாஜன் நார்கள், வயது ஏற ஏற ஒன்றோடொன்று குறுக்குப் பிணைப்பு போட்டு இறுகிவிடும். அந்த நாரைச் சூடும் ஈரமும் நேரமும் சேர்ந்துதான் ஜெலட்டினாகக் கரைக்கும். முற்றிய கோழியைத் திறந்த சட்டியில் வேகவைத்தால் அந்த இரவு முழுக்கப் பசியோடு காத்திருக்க வேண்டும், மலையில் இன்னும் அதிகம். குக்கரில் வேகவிட்டு, பிறகு அந்தச் சாற்றை இருப்புச் சட்டியில் சுண்ட விடுங்கள். நீர் வற்றும் வரை இறைச்சியின் மேற்பரப்பு நூறைத் தாண்டாது. வற்றிய பிறகுதான் எண்ணெயின் சூடு அதைப் பிடிக்கும். 140 டிகிரியை ஒட்டிப் புரதத்தின் அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் கூடிப் பழுப்பு நிறமும் வறுத்த மணமும் வேகமாக உண்டாகத் தொடங்கும். இந்த வினையை 1912இல் விவரித்த பிரெஞ்சு வேதியியலாளர் லூயி காமிய் மயார் பெயரிலேயே அது வழங்குகிறது. சட்டி நிறையக் கறியை அள்ளிப் போட்டால் நீர் வற்றாது, வறுவலுக்குப் பதில் வேகல்தான் நடக்கும். இரண்டு பேருக்குச் சமைப்பதில் இங்கே ஒரு பெரிய லாபம் இருக்கிறது, எல்லாத் துண்டுக்கும் சட்டியில் இடம் உண்டு. மிளகைக் கடைசியில், அப்போதே இடித்துப் போட வேண்டும். அதன் மணம் தரும் டெர்பீன்கள் எளிதில் பறந்துவிடுபவை. காரத்துக்குக் காரணமான பைப்பரின் அப்படிப் போகாது. முதலிலேயே போட்ட மிளகில் காரம் மிஞ்சும், மணம் இருக்காது.

மோர்க்குழம்பில் கொஞ்சம் நின்று போக வேண்டும், திரிந்து போகும் பயம் எல்லாருக்கும் அதில்தான். 

பாலில் கேசின் என்னும் புரதம் நுண்ணிய உருண்டைகளாக மிதக்கிறது. உருண்டைகளின் மேல் எதிர்மின்னூட்டம் இருப்பதால் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு தனித்தனியாக நிற்கின்றன. உறை ஊற்றினால் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பாலின் சர்க்கரையை அமிலமாக்குகின்றன. அமிலம் ஏறி, பி.எச். அளவு 4.6ஐ நெருங்கும்போது மின்னூட்டம் சமனாகிவிடுகிறது. விலக்குவதற்கு விசையில்லாத உருண்டைகள் கைகோத்து ஒரு வலையாகின்றன. அந்த வலைக்குள் நீர் சிக்கி நிற்பதுதான் தயிர். மார்கழி, தை மாதங்களில் மலையில் இரவுக் குளிர் கூடுதல், பாக்டீரியா மெதுவாக வேலை செய்யும். அதனால் உறை ஊற்றிய பாத்திரத்தை அடுப்பை ஒட்டி வைக்க வேண்டியிருக்கும்.

இந்தத் தயிரைக் கடைந்து அடுப்பில் வைத்தால் சூட்டில் புரத வலை சுருங்குகிறது. பிழிந்த துணியிலிருந்து நீர் வெளியேறுவதைப்போல் நீர் தனியே பிரிகிறது. 70 டிகிரிக்கு மேல் பாலின் மற்றப் புரதங்களும் கட்டவிழ்ந்து கேசினோடு ஒட்டிக்கொண்டு கட்டியாகும். இதைத்தான் திரிந்துவிட்டது என்கிறோம். மலையில் கொதிநிலை குறைவு என்பது இங்கே ஒரு உதவியும் செய்யாது, திரிவதற்கு 80 டிகிரியே அதிகம்.

நம் சமையலறை இதற்கு வழி கண்டுபிடித்துப் பல தலைமுறை ஆகிறது. ஊறவைத்த துவரம்பருப்பும் பச்சரிசியும், தேங்காய், சீரகம், பச்சைமிளகாயோடு அரைபட்டு மோரில் கலக்கிறது. சூடு ஏறும்போது அந்த அரிசியின், பருப்பின் மாவுச்சத்து மணிகள் வீங்கி, புரத உருண்டைகளுக்கு நடுவே போய் நின்றுகொள்கின்றன. குழம்பு கெட்டியாவதால் உருண்டைகள் நகர்ந்து மோதும் வேகமும் குறைகிறது. தேங்காயின் கொழுப்பும் துணை நிற்கிறது. இத்தனை காவல் இருந்தும், கொதிக்க விடாமல் சிறு தீயில் வைத்து, ஓரத்தில் நுரை கூடி வரும்போதே இறக்கிவிடச் சொல்வார்கள். தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் நுரை கூடும் அந்தக் கட்டம் ஏறக்குறைய 80 முதல் 85 டிகிரி. வயதான பெண்கள் பார்வையாலேயே அளந்த இந்த அளவை நான் ஆய்வுக்கூட அறிவுக்கு ஒரு படி கீழே வைக்க மாட்டேன்.

மஞ்சளைப் பற்றி ஒரு வார்த்தை. குர்குமின் என்னும் அதன் நிறமி புளிப்பில் நல்ல மஞ்சளாகவே இருக்கும், காரத்தன்மையில் சிவந்துவிடும். மோர்க்குழம்பு சிந்திய வேட்டியில் சோப்புப் போட்டதும் கறை செம்பழுப்பாவதைப் பார்த்துப் பதற வேண்டாம். சோப்பு போக அலசினால் மறுபடி மஞ்சளாகும், இரண்டு நாள் நல்ல வெயிலில் காய்ந்தால் பெரும்பாலும் வெளுத்துவிடும். குர்குமினை வெளிச்சம் சிதைக்கும்.

இப்போது தாளிப்பு. இதை மனைவி படியேறும் சத்தம் கேட்கும்வரை செய்யக் கூடாது. வாசனை மூலக்கூறுகளில் பெரும்பாலானவை நீரில் கரையாது, எண்ணெயில் கரையும். எண்ணெய் அவற்றை இலையிலிருந்தும் விதையிலிருந்தும் இழுத்துக் குழம்பு முழுக்கப் பரப்புகிறது. கூடவே ஒரு பங்கைக் காற்றில் அள்ளி வீசுகிறது. அந்தப் பங்கு இருவரில் வாசலில் நிற்பவருக்கு உரியது.

எண்ணெய் காய்ந்ததும் முதலில் கடுகு. அதன் ஓட்டுக்குள் இருக்கும் சிறு ஈரம் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் அழுத்தம் ஏறி, ஓட்டைப் பிளந்துகொண்டு வெடிக்கிறது. பச்சைக் கடுகை அரைத்தால் மூக்கில் ஏறும் சுரீர் நெடி, நீரும் மைரோசினேஸ் என்னும் நொதியும் சேர்ந்தால்தான் பிறக்கும். காய்ந்த எண்ணெய் அந்த நொதியை முதலிலேயே செயலிழக்கச் செய்துவிடுகிறது. பொரிந்த கடுகு நெடியில்லாமல் கொட்டைப்பருப்பு மணம் தருவது அதனால். கடுகு அடங்கியதும் காய்ந்த மிளகாய், அடுத்து கறிவேப்பிலை. இலையின் ஈரம் எண்ணெயில் பட்டுப் படபடக்கும், ஒரு விநாடியில் மணம் எழும்பும், மூன்று நான்கு விநாடிக்குமேல் போனால் கருகல் வாடை. பெருங்காயம் கடைசியில், அடுப்பை அணைத்துவிட்டு. அதன் கந்தகச் சேர்மங்கள் பச்சையாக நாறுபவை, எண்ணெயின் சூட்டில் வெங்காயமும் பூண்டும் வதங்கிய மணத்துக்கு மாறுகின்றன. சூடு அதிகமானால் கசக்கும்.

மிளகாய் கருகினால் வீடே இருமும். காரத்துக்குக் காரணமான கேப்சைசின் புகையோடு பரவி, சூட்டை உணரும் நரம்பு ஏற்பிகளைத் தட்டிவிடுவதுதான் காரணம். டிஆர்பிவி1 என்னும் அந்த ஏற்பியை 1997இல் டேவிட் ஜூலியசின் குழு அடையாளம் கண்டது. 2021இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 43 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டுக்குத் திறக்கும் அதே ஏற்பி மிளகாய்க்கும் திறக்கிறது. ஆகவே மிளகாய் எரிவது நரம்பைப் பொறுத்தவரை உண்மையாகவே சுடுவதுதான். மிளகாய் போர்ச்சுகீசியர் வழியாக இங்கே வந்தது 16ஆம் நூற்றாண்டில். குறுந்தொகைப் பெண்ணின் கண்ணைத் தொட்ட புகையில் மிளகாய் இல்லை. சுடும் எண்ணெயிலிருந்து எழும் அக்ரோலின் போன்ற பொருள்களே கண்ணை உறுத்தப் போதும். மிளகாயின் காரத்துக்கு மோர் நல்ல ஜோடி என்பதற்கும் வேதியியல் இருக்கிறது. கேப்சைசின் தண்ணீரில் கரையாது. தண்ணீர் குடித்தால் எரிச்சல் வாய் முழுக்கப் பரவும். தயிரின் கேசினும் கொழுப்பும் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும்.

வடகத்தைச் சாப்பிட உட்காரும்போது பொரித்தால் போதும். சின்னசேலம், ஆத்தூர் பக்கம் மரவள்ளிக் கிழங்கின் மாவிலிருந்து வரும் ஜவ்வரிசியை வேகவைத்து வெயிலில் உலர்த்தியது அது. கண்ணாடி போல் இறுகிய மாவுச்சத்துக்குள் கொஞ்சம் ஈரம் மிஞ்சியிருக்கும். எண்ணெயில் போட்டதும் மாவு இளகும், ஈரம் ஆவியாகி ஊதும், அடுத்த கணம் நீரில்லாத நுரை மறுபடி இறுகிவிடும். அதைக் கடித்தால் வரும் சத்தமும் ருசியில் சேர்த்தி. 2004இல் மாசிமிலியானோ சாம்பினியும் சார்ல்ஸ் ஸ்பென்சும் உருளைக்கிழங்கு சிப்ஸ் கடிப்பவர்களின் காதில் அந்தச் சத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் கேட்கவைத்தார்கள். சத்தம் கூடியபோது அதே சிப்ஸ் புதிதாக, மொறுமொறுப்பாக இருப்பதாகச் சொன்னார்கள். டி.வி.யை அணைத்துவிட்டுச் சாப்பிடுங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பரிமாறுவதில் ஒரு சின்ன மாற்றம் செய்து பார்க்கலாம். தனித்தனியாக வைத்துக் கொடுக்காமல் கறியை ஒரே கிண்ணத்தில் நடுவே வையுங்கள். அமெரிக்காவில் கெய்ட்லின் வூலியும் அய்லெட் ஃபிஷ்பாக்கும் 2017இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே வகைப் பண்டத்தைச் சாப்பிட்ட இருவர் ஒருவரையொருவர் அதிகம் நம்பினார்கள், பேரத்தில் சீக்கிரம் உடன்பாட்டுக்கு வந்தார்கள். அவர்கள் முன்பின் தெரியாதவர்கள். தெரிந்தவர்களுக்குள் நடுக்கிண்ணம் வேறொன்றையும் செய்யும். கடைசித் துண்டு யாருக்கு என்பதில் ஒருவர் மற்றவரைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வார். கூடவே, சமைத்தவர் சாப்பிட உட்காருமுன் பத்து நிமிடம் வாசலிலோ மாடியிலோ நின்றுவிட்டு வருவது நல்லது. மூக்கு ஓரளவு தெளிந்துவிடும், தன் சமையலின் மணத்தில் அவருக்கும் ஒரு பங்கு கிடைக்கும்.

இனிப்புக்குத் தேனும் தினைமாவும் என்றேன். தமிழர் அறிந்த காதல் கதைகளில் முதல் விருந்தே இதுதானே. தினைப்புனம் காத்த வள்ளியிடம் கிழவர் வேடத்தில் வந்த முருகன் பசி என்று கேட்க, அவள் தேனும் தினைமாவும் தருகிறாள். சாப்பிட்டவருக்கு விக்கல் எடுக்கிறது, தண்ணீர் கேட்கிறார். கதையில் அது சுனைக்கு அழைத்துப் போக ஒரு சாக்கு. ஆனால் வறட்டு மாவு சாப்பிட்டால் விக்கல் வருவது நிஜம். உலர்ந்த மாவு உமிழ்நீரை உறிஞ்சிக்கொண்டு உணவுக்குழாயில் திரளாக நிற்கும். அந்த விரிவை நரம்புகள் மேலே சொல்ல, உதரவிதானம் திடீரென்று சுண்டி இழுக்கும். உள்ளே பாயும் காற்றைக் குரல்வளை சட்டென்று மூடுவதில் வருவதுதான் அந்த விக் சத்தம். தண்ணீரை மெல்ல மெல்ல விழுங்குவது, மாவையும் நனைத்து இறக்கும், நரம்பின் தாளத்தையும் மாற்றும். வள்ளியின் கதை கட்டியவர்கள் மாவு தின்று பார்த்தவர்கள்.

விக்கல் வராமல் செய்ய வேண்டுமானால் தேனின் தன்மையைப் பயன்படுத்தலாம். தேனில் நீர் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு, மீதி பெரும்பாலும் சர்க்கரை. நீர் எங்கிருந்தாலும் இழுத்துக்கொள்ளும். தினையை வாசம் வரும்வரை வறுத்து, ஆறிய பின் மாவாக்கித் தேன் விட்டுப் பிசைந்து, ஒரு மணி நேரம் மூடி வையுங்கள். மாவுத்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி உருண்டை பிடிக்க வரும், வாயில் தூளாக உதிராது. கொஞ்சம் நெய் சேர்த்தால் இன்னும் வழுவழுவென்று இறங்கும். வறுப்பது மணத்துக்காக மட்டுமல்ல. சாமைக்குச் சொன்ன அந்த லைபேஸ் நொதி தினையிலும் உண்டு, வறுக்கும் சூடு அதை அடக்கிவிடுவதால் மாவு சீக்கிரம் சிக்கு அடிக்காது. மிஞ்சிய மாவை மறுவாரமும் எடுக்கலாம்.

சாமைச் சோறு மிஞ்சினால் மூழ்கத் தண்ணீர் ஊற்றி மூடி வைத்துவிடுங்கள். ஆறும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி மறுபடி இறுகி, சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடல் பாக்டீரியாவுக்கு உணவாகும் வடிவத்துக்கு மாறும். இரவு முழுக்க லாக்டிக் அமில பாக்டீரியா வேலை செய்து லேசாகப் புளிக்க வைக்கும். காலையில் உப்பும் மோரும் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயம் நான்கை நறுக்கிக் கடித்துக்கொண்டு இரண்டு பேரும் வேலைக்குக் கிளம்பலாம். அந்த வெங்காயத்தையும் அவனே நறுக்கட்டும். வெட்டுப்பட்ட வெங்காயத்தில் கண்ணீரை வரவழைக்கும் ஆவியை உண்டாக்குவதற்கென்றே ஒரு தனி நொதி இருப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2002இல் கண்டுபிடித்தார்கள். தண்ணீரில் போட்டு நறுக்கினால் அந்த ஆவி கண்ணுக்கு அவ்வளவாக வராது.